விட்டுப்போன வரி

நீதிமன்றக் கட்டடத்தில் வாசல் காவலர் தொடங்கித் தலைமை எழுத்தர் வரைக்கும் எல்லாருக்கும் அவள் டைப்பக்கா. நீதிபதியின் மேடைக்குக் கீழே ஒரு சின்ன மேசை. அதுதான் அவள் இடம். அவர் சொல்லச் சொல்லப் பென்சிலால் சுருக்கெழுத்தில் எடுப்பாள். பிறகு பின்னறைக்குப் போய்க் கணினியில் அடித்து, பிழை பார்த்து, கடைசித் தாளின் அடியில் தான் அடித்ததற்கு அடையாளமாக ஒரு சாய்கோடும் இரண்டு எழுத்தும் போட்டுக் கையெழுத்துக்கு அனுப்புவாள்.

பத்தொன்பது வருடங்களாக இதே வேலை. கமாவைக்கூட "கமா" என்று வாய்விட்டுச் சொல்லும் நீதிபதி, தாடைக்குள்ளேயே முணுமுணுக்கும் நீதிபதி, பாதி வாக்கியத்தில் மூக்குச் சிந்தப் போய்விடும் நீதிபதி என்று ஏழு பேருக்கு எடுத்திருக்கிறாள். ஏழு பேரிடமும் நல்ல பெயர். கை வேகம் மட்டும் அதற்குக் காரணம் இல்லை. அவள் வாயைத் திறக்கமாட்டாள். தாளிலிருந்து தலையையும் தூக்கமாட்டாள். கூண்டில் நின்றவர்களின் குரல் அவளுக்குத் தெரியும், வாக்குமூலம் தெரியும். முகம் தெரியாது.

ஒருநாள் பிற்பகல் ஒரு தையல்காரிக்கு ஐந்து வருடத் தண்டனை ஆனது. சுருக்கெழுத்திலேயே முப்பத்தொரு பக்கம் வந்த தீர்ப்பு. நீதிபதி எழுந்து போனார், வக்கீல்கள் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள், காவலுக்கு வந்த பெண் போலீஸ் வண்டி வந்துவிட்டதா என்று பார்க்க வாசல்வரை போனார். அறையில் மிஞ்சியது இரண்டு பேர். டைப்பக்கா பென்சில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அவங்க என்ன சொன்னாங்க?" என்று கூண்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "அஞ்சு வருஷம்னு மட்டும் காதுல விழுந்துச்சு. மத்ததெல்லாம் என்னது?"

"உங்க வக்கீலைக் கேளுங்க."

"அவர் போயிட்டாரேக்கா."

முப்பத்தொரு பக்கமும் டைப்பக்காவின் மடியில்தான் இருந்தது. ஆனால் ஊழியர்கள் கைதிகளோடு பேசக் கூடாது என்பது விதி. அவள் நோட்டை அணைத்துக்கொண்டு பின்னறைக்கு நடந்தாள். நடந்ததைப் பற்றி அன்றைக்கு அவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. வழக்கம்போலத் தேநீர் குடித்தாள், அடிக்க உட்கார்ந்தாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், சிறையில் இருந்தவர்களைப் போய்ப் பார்த்தவர்களையும் பார்க்காமல் விட்டவர்களையும் பற்றிய வேதாகமப் பகுதியை வாசித்தார்கள். நூறு தடவை கேட்ட பகுதிதான். ஆனால் அன்றைக்கு, பள்ளிக்கூடத்தில் ஆள் கணக்கெடுக்கும்போது தன் பெயர் வந்தால் எப்படி உடம்பு தானாக நிமிருமோ, அப்படி நிமிர்ந்தது. ஒளியும் தெரியவில்லை, குரலும் கேட்கவில்லை. வயிற்றுக்குள் ஏதோ ஒன்று தட்டென்று இறங்கி உட்கார்ந்தது. அதற்கப்புறம் எழுந்து போகவே இல்லை.

சிறையில் இருப்பவர்களைப் போய்ப் பார்க்கக் கடவுள் கூப்பிடுகிறார் என்று கணவனிடம்தான் முதலில் சொன்னாள். அவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைக் குறித்து வருபவர். கால்வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"கூப்பிட்டது உன்னைத்தானா? பக்கத்துல உட்கார்ந்திருந்தவங்களையான்னு நல்லா கேட்டுக்கிட்டியா?"

"என்னைத்தாங்க."

"அப்ப சரி. போய்ட்டு வா. எப்ப போகணும்?"

அவருக்கு அது பக்கத்துத் தெருவுக்குப் போய்வருகிற காரியம். அவளும் அப்படித்தான் நினைத்தாள். கூப்பிட்டாயிற்று, வருகிறேன் என்று சொல்லியாயிற்று, இனிப் போக வேண்டியதுதானே என்று நினைத்தாள். போய்ச் சேர மூன்று வருடம் ஆகும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பாள்.

போதகர் வயதில் அவளைவிடச் சின்னவர், சாந்தமானவர், யாரையும் நோகடிக்கத் தெரியாதவர். அவள் சொன்னதைக் கண்ணை மூடிக் கேட்டார். "ஆண்டவர் உங்க மனசுல வெச்ச பாரம் இது, ரொம்ப நல்லது. ஜெபிப்போம்," என்றார். அடுத்த மாதம் கேட்டபோதும் ஜெபிப்போம் என்றார். அதற்கடுத்த மாதம், "ஜெபிச்சிட்டுத்தான் இருக்கேன்," என்றார். போகும்போது ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புத் தாளை அவள் கையில் கொடுத்து, "உங்க கை வேகத்துக்கு இது அஞ்சு நிமிஷ வேலை, கொஞ்சம் அடிச்சுக் குடுத்துடுங்க," என்றார்.

அதுதான் தொடக்கம். டைப்பக்கா ஊழியம் செய்ய ஆசைப்படுகிறாள் என்ற செய்தி சபைக்குள் பரவியது. ஆளாளுக்கு ஒரு கட்டுத் தாளோடு வந்தார்கள். பாடகர் குழுவின் பாட்டுப் பட்டியல், பெண்கள் கூட்டத்தின் அறிக்கை, கல்லறைத் தோட்டத்தின் பராமரிப்பு அட்டவணை. எட்டு மாதத்தில் சபையின் எழுத்து வேலை முழுவதும் அவள் தலையில் வந்து விழுந்தது. எல்லாருக்கும் அவள் விரல்கள் வேண்டியிருந்தன. அந்த விரல்களுக்கு மேலே ஓர் ஆள் இருக்கிறாள் என்பதுதான் யாருக்கும் நினைவில் இல்லை.

கடைசியில் அவளே ஒரு விண்ணப்பம் அடித்து நிர்வாகக் குழுவுக்குக் கொடுத்தாள். குழுச் செயலாளர் ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதலில் எழுத்துப்பிழை தேடுவார். இதில் ஒன்றுகூடக் கிடைக்காததே அவருக்கு ஒரு குறையாகிவிட்டது.

"சிறை ஊழியம்னா சும்மாவா? அங்க இருக்கிறவங்க எப்பேர்ப்பட்டவங்க தெரியுமா?"

"தெரியும் சார். பத்தொன்பது வருஷமா அவங்க சொன்னதைத்தான் அடிச்சிட்டிருக்கேன்."

"அடிக்கிறது வேற, ஆத்துமாவைத் தொடுறது வேற. முறையா பயிற்சி எடுக்கணும். சான்றிதழ் வேணும்."

ஒரு வருடம் சனிக்கிழமைதோறும் பயிற்சிக்குப் போனாள். இரண்டு பேருந்து மாறி, இருபது வயதுப் பிள்ளைகளோடு நெருக்கி உட்கார்ந்து, துக்கத்தில் இருப்பவரிடம் எப்படிப் பேசுவது என்று குறிப்பெடுத்தாள். மற்றவர்களும் அவள் குறிப்பை வாங்கிப் படி எடுத்துக்கொண்டார்கள். தேர்வில் முதலாவதாக வந்தாள். சான்றிதழோடு சிறை அலுவலகத்துக்கு எழுதினாள். நாலு மாதம் கழித்து மூன்றே வரியில் பதில் வந்தது. நீதிமன்ற ஊழியர் எவரும் கைதிகளைச் சந்திக்க அனுமதி இல்லை.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் அந்தக் கடிதத்தைப் போட்டுவிட்டு, "அங்க நான் ஊழியராம்," என்றாள் கணவனிடம். "இங்க நான் செய்யப் போறது ஊழியமாம். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஆகாதாம்."

அவர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விட்டுத் தொலையேன். கூப்பிட்டவரே கதவையும் சாத்துறார்னா, வராதேன்னுதானே அர்த்தம்?"

அவளும் அதையே பலமுறை நினைத்தவள்தான். ஆனால் வயிற்றில் உட்கார்ந்தது நகரவில்லை. தலைமை எழுத்தரிடம் போய், வழக்குகள் நடக்கும் பக்கமே வராத வேலை ஏதாவது தாருங்கள் என்று கேட்டாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். நீதிபதியின் முன்னால் உட்காருகிற இடத்துக்கு எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள், இவள் எழுந்து போகிறேன் என்கிறாளே. நிலப் பதிவு அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் பழைய பத்திரங்களைப் பார்த்துக் கணினியில் ஏற்றும் வேலை கிடைத்தது. சன்னல் இல்லாத அறை. சுவர் ஈரம் மூக்கில் ஏறும். மதியச் சாப்பாட்டுக்குத் துணைக்குக்கூட ஆள் கிடையாது. அங்கிருந்து மறுபடி விண்ணப்பித்தாள். மறுபடி நாலு மாதம். அனுமதி வந்தது: மாதத்தில் இரண்டு வியாழக்கிழமை, ஒரு மணி நேரம், ஜெபமும் வேத வாசிப்பும் மட்டும்.

முதல் வியாழன் அவள் கொண்டையிலிருந்த ஊசிகளை வாசலிலேயே எடுத்துவிட்டார்கள். பேனாவையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவிழ்ந்த கூந்தலை ஒரு கையால் பிடித்தபடி, இன்னொரு கையில் வேதப் புத்தகமும் ஆறு பக்கம் அச்சடித்த பேச்சுமாக உள்ளே போனாள். பெண்கள் பகுதியின் உணவுக்கூடத்தில் இருபத்திரண்டு பேரை வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். உட்காரச் சொன்னதால் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். அவள் வாழ்நாளில் பலர் முன்னால் பேசியதே இல்லை. தாளிலிருந்து தலையைத் தூக்காமல் ஆறு பக்கத்தையும் வாசித்து முடித்தாள். நிமிர்ந்தபோது நாலு பேர் தூங்கியிருந்தார்கள், இரண்டு பேர் ஒருவருக்கொருவர் பேன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முடிந்ததும் காவலர் பெண்ணிடம் அந்தத் தையல்காரியைப் பற்றிக் கேட்டாள்.

"அவங்களா? வேற ஊர் ஜெயிலுக்கு மாத்தி நாலு மாசம் ஆச்சு."

பேருந்தில் சன்னலோர இருக்கை கிடைத்தும் அவள் வெளியே பார்க்கவில்லை. உதடு அசையாமல் கடவுளோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தாள். இதுக்கா கூப்பிட்டீங்க? யாருக்காகக் கூப்பிட்டீங்களோ அவங்களையே இடம் மாத்திட்டு, தூங்குறவங்க முன்னால என்னை நிறுத்தத்தான் மூணு வருஷம் அலைய விட்டீங்களா? அவள் அழவில்லை. ஆத்திரம்தான் வந்தது. சபையில் வேலையை ஒப்புக்கொண்டுவிட்டுக் கடைசி நேரத்தில் வராமல் போகிறவர்கள்மேல் வருமே, அதே ஆத்திரம்.

ஒப்புக்கொண்டதற்காகத்தான் இரண்டாவது தடவையும் போனாள். மூன்றாவது தடவை பேச்சை எழுதிக்கொண்டு போகவில்லை; ஒரு பகுதியை வாசித்து, ஒரு ஜெபம் செய்து, மீதி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். அப்போது ஒரு பெண் எழுந்து வந்தாள். ஓர் உணவுவிடுதியில் சமையல் செய்தவள். எல்லாரும் அவளைச் சமையலம்மா என்றார்கள். விடுதிக்காரரோடு நடந்த தகராறில் அவருடைய சரக்கறைக்குத் தீ வைத்தவள், அதில் ஒருவருக்குக் கை வெந்துபோனது. பிளாஸ்டிக் உறையிலிருந்து நாலாக மடித்த தாள்களை எடுத்து நீட்டினாள்.

"நீங்க கோர்ட்ல இருந்தவங்கன்னு காவலரம்மா சொன்னாங்க. இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் சொல்லுங்களேன். நாலு வருஷமா தலைமாட்டுல வெச்சிருக்கேன்."

பதினெட்டுப் பக்கத் தீர்ப்பு. டைப்பக்கா படிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு பத்தியையும் படித்து, அதைச் சமையல்கட்டில் பேசுகிற தமிழுக்கு மாற்றிச் சொன்னாள். சாட்சி என்ன சொன்னார், அதை நீதிபதி ஏன் நம்பினார், எதை நம்பவில்லை. சமையலம்மா நடுவில் ஒருமுறை, "ஓ, அதை நம்பலையா?" என்று கேட்டுச் சந்தோஷப்பட்டாள். மற்றப் பெண்களும் நகர்ந்து நகர்ந்து கிட்டே வந்தார்கள். அன்றைக்கு ஒருவர்கூடத் தூங்கவில்லை.

கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் டைப்பக்கா நின்றுவிட்டாள். தீ வைத்ததற்கு ஏழு ஆண்டு, காயம் விளைவித்ததற்கு நான்கு ஆண்டு. இரு தண்டனைகளையும் ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்.

"உங்களுக்கு மொத்தம் எத்தனை வருஷம்னு சொன்னாங்க?"

"பதினொண்ணு. ஏழும் நாலும் பதினொண்ணுதானே. இங்க கைதிங்க கணக்குப் பலகையிலயும் அப்படித்தான் போட்டிருக்கு."

"இல்லைம்மா. ரெண்டும் சேர்ந்தே ஓடணும்னு போட்டிருக்கு. மொத்தமே ஏழுதான்."

பலகையில் எப்படிப் பதினொன்று வந்தது என்று டைப்பக்காவுக்கு அந்த நிமிடமே சந்தேகம் தட்டியது. சிறைக்குத் தீர்ப்பு போவதில்லை. தண்டனையை மட்டும் ஒரே பக்கத்தில், தீர்ப்பை அடித்தவரே தனியாக அடிக்கும் வாரண்ட்தான் போகும். வண்டி காத்திருக்கிறது, சீக்கிரம் அடி என்று அவசரப்படுத்தும் தாள் அது. அதில் கடைசி வரி விட்டுப்போயிருந்தால், இங்கே யாரும் தீர்ப்பைப் பிரித்துப் பார்த்திருக்கமாட்டார்கள். இதை நினைத்தபடியே கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அதன் அடிக்குப் பார்வையை இறக்கினாள். ஒரு சாய்கோடு, இரண்டு எழுத்து.

அவளுடைய எழுத்து.

அவள் சமையலம்மாவின் முகத்தைப் பார்த்தாள். எவ்வளவு பார்த்தும் நினைவுக்கு வரவில்லை. எப்படி வரும்? அன்றைக்குத் தலையைத் தூக்கியிருந்தால்தானே.

நேராகச் சிறைக் கண்காணிப்பாளரின் அறைக்குப் போனாள். கறாரான பெண்மணி; மேசையில் கோப்புகளை விளிம்பு பிசகாமல் அடுக்கி வைத்திருப்பவர். வாரண்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதும் அவர் புருவம் ஏறியது.

"நீங்க ஜெபம் பண்ண வந்தீங்களா, எங்க வேலையைச் சோதனை போட வந்தீங்களா?"

"ஒரே ஒரு தாள்தான் மேடம். நீங்களே பாருங்க, எனக்குக் காட்ட வேண்டாம். கடைசியில ஏககாலத்திலன்னு ஒரு வரி இருக்கான்னு மட்டும் சொல்லுங்க."

பிகு பண்ணினாலும் அவர் கோப்பை வரவழைத்தார். படித்தார். மறுபடி படித்தார். "இல்லை," என்றார். "இதை யாரு அடிச்சது? கண்ணை மூடிக்கிட்டா அடிச்சாங்க?"

"நான்தான் மேடம்," என்றாள் டைப்பக்கா.

கண்காணிப்பாளர் கோப்பை மெல்ல மூடினார். பிறகு, "நீதிமன்றத்துல இருந்து திருத்தி எழுத்துல வந்தாத்தான் நான் எதையும் செய்ய முடியும்," என்றார். "அதோட, உங்களுக்குக் குடுத்த அனுமதி வேதம் வாசிக்க. தீர்ப்பு வாசிக்க இல்ல. இதை நான் மேல சொல்லியாகணும். பதில் வர்றவரைக்கும் நீங்க வர வேண்டாம்."

வீட்டில் கணவன் அன்றுதான் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். "யாரு கேட்டா உன்னை? வரி விட்டுப்போச்சுன்னு மட்டும் எழுதிப் போடு. அடிச்சது யாருன்னு அவங்க தேடிக்கட்டும். நீயா போய் ஏன் தலையைக் குடுக்கிற? விசாரணை வெச்சா உன் வேலை என்ன ஆகும்?"

"தேடுறதுக்கு அவங்களுக்கு ஆறு மாசம் ஆகும். நான் சொல்லிட்டா அந்த ஆறு மாசம் மிச்சம்."

"ஊழியம் ஊழியம்னு போயி, இருக்கிற வேலைக்கு உலை வெச்சுக்கிட்டு வந்து நிக்கிற."

அவள் கணினி முன்னால் உட்கார்ந்து, நாள், வழக்கு எண், விட்டுப்போன வரி, விட்டவள் பெயர் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடித்தாள். நாலு முறை பிழை பார்த்தாள். கீழே வழக்கம்போலச் சாய்கோடு போடப் போன கை, ஒரு கணம் நின்றது, பிறகு போட்டது.

ஆறு மாதம் மிச்சமாகும் என்று நினைத்தது அவளுடைய அப்பாவித்தனம். அந்தத் தீர்ப்பைச் சொன்ன நீதிபதி மாற்றலாகிப் போயிருந்தார். கோப்பு மேல் நீதிமன்றத்தின் கிடங்கில் கிடந்தது. அதை எடுக்க ஒரு கடிதம், அந்தக் கடிதத்துக்கு நினைவூட்டல், நினைவூட்டலுக்கு ஒரு நினைவூட்டல். பத்தொன்பது வருடம் அவளோடு தேநீர் குடித்த தலைமை எழுத்தர் அவளைக் கண்டால் வராந்தாவின் மறுகோடிக்குப் போய்விடுவார். விசாரணை மட்டும் சீக்கிரமாக நடந்தது. மூன்று அதிகாரிகள், ஒரு நீளமேசை. அவள் சொல்வதை ஓரத்தில் உட்கார்ந்து ஒரு புதுப்பெண் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணும் தலையைத் தூக்கவில்லை. கண்டனமும், மூன்று ஆண்டுக்குப் பதவி உயர்வு இல்லை என்ற உத்தரவும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன. கைதியின் திருத்த ஆணைக்குத்தான் இன்னும் கோப்பே கிடைக்கவில்லை.

சபையிலும் கூட்டம் போட்டார்கள். செயலாளர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"சபையோட பேர்ல அனுமதி வாங்கிட்டுப் போயி இப்படி ஒரு தலைகுனிவு. விஷயம் முடியிறவரைக்கும் நீங்க இந்த ஊழியத்துல இருந்து விலகி இருக்கிறதுதான் சபை பேருக்கும் சாட்சிக்கும் நல்லது. அந்த இடத்துக்குப் பாடகர் குழுவை அனுப்பலாம்."

சிறைக்கு மறுபடி போக வேண்டுமானால் புது விண்ணப்பத்தில் போதகரின் கையெழுத்து வேண்டும். அதை அவள் அன்றைக்கே கையோடு கொண்டுவந்திருந்தாள். போதகர் தாளைப் பார்த்தார், செயலாளரைப் பார்த்தார், கண்ணை மூடினார். "இதுக்காக ஜெபிப்போம்," என்றார்.

மூன்றரை வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் அன்றைக்கு வாயைத் திறந்தாள். சத்தம் போடவில்லை.

"ஐயா, ஜெபிச்சாச்சு. நீங்களும் ஜெபிச்சீங்க, நானும் ஜெபிச்சேன். இனிமே ஜெபிச்சா கடவுளுக்கே சலிச்சுப் போகும். உள்ள ஒருத்தி இருக்கா. நான் விட்ட ஒரு வரிக்காக உட்கார்ந்திருக்கா. அந்த வரியை விட்டது நான்தான்னு அவகிட்ட இன்னும் நான் சொல்லலை. சொல்லணும். அதுக்கு என்னை உள்ள விட உங்க கையெழுத்து வேணும். போடுங்க."

செயலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். போதகர் கையை நீட்டி அவரிடமே பேனாவை வாங்கினார். போட்டார். பெயரின் கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. அந்தக் கையெழுத்துக்காகப் பின்னால் அவர் செயலாளரிடம் எவ்வளவோ பேச்சு வாங்கினார் என்று கேள்வி. அவளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மேலிருந்து பதில் வந்தபின் கண்காணிப்பாளர் அனுமதியைப் புதுப்பித்தார். தாள்களைப் படித்துச் சொல்லலாம், ஆனால் எதையும் எழுதக் கூடாது, எழுதி வெளியே கொண்டுபோகக் கூடாது என்று இரண்டு நிபந்தனை. அந்த வியாழன் டைப்பக்கா கூடத்துக்குப் போனதும் சமையலம்மாவைத் தனியாக ஒரு பெஞ்சுக்கு அழைத்துப்போய்ச் சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். பயிற்சியில் படித்தது எதுவும் அந்த நேரத்துக்கு உதவவில்லை.

சமையலம்மா தரையைப் பார்த்தபடியே கேட்டு முடித்தாள்.

"எனக்கு ஒரு பொண்ணு இருக்கு," என்றாள். "நான் உள்ள வரும்போது அதுக்கு ரெண்டு வயசு. பதினோரு வருஷம்னா நான் வர்றப்ப அது பெரிய மனுஷியாகியிருக்கும். அதனால எங்க தங்கச்சிகிட்ட நான்தான் சொன்னேன், என்னை அம்மான்னு சொல்லி வளர்க்காத, உன்னையே அம்மான்னு கூப்பிடட்டும்னு. பெரியம்மா எங்கன்னு கேட்டா வெளியூர்ல வேலைன்னு சொல்லச் சொன்னேன். ஏழுன்னு தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேனா?"

டைப்பக்காவின் தலை பழைய பழக்கத்தில் குனிந்தது.

"சொல்லுங்க. சொல்லியிருப்பேனா?"

"மாட்டீங்க."

சமையலம்மா எழுந்து போனாள். அதற்கப்புறம் ஒரு வருடத்துக்கும் மேல் வியாழக்கிழமைகளில் அவள் கூடத்துக்கு வரவில்லை. டைப்பக்கா மட்டும் போய்க்கொண்டிருந்தாள். ஒரு வேத பகுதி, ஒரு ஜெபம், அப்புறம் தாள்கள். பேனா இல்லாததால் எண்களையும் தேதிகளையும் மனப்பாடம் செய்துகொண்டு, வாசலைத் தாண்டிப் பேருந்து நிறுத்தத்துக்கு வந்ததும் உள்ளங்கையில் எழுதிக்கொள்வாள். படித்ததை நினைவில் கொண்டு வருகிறோம், தாளில் கொண்டு வரவில்லை. நிபந்தனையை மீறியதாகாது என்று தனக்குத்தானே வாதாடிக்கொள்வாள். அந்த உள்ளங்கையிலிருந்து நீதிமன்றத்துக்குக் கடிதங்கள் போயின. பெரும்பாலானவற்றுக்குப் பதில் வரவில்லை. வந்த பதில்களிலும் பெரும்பாலானவை, பரிசீலனையில் உள்ளது என்றன.

திருத்த ஆணை பதினாலு மாதம் கழித்து வந்தது. நன்னடத்தைக்கான கழிவுகளையும் சேர்த்துப் பார்த்தால், சமையலம்மா வெளியே போயிருக்க வேண்டிய நாள் ஏற்கெனவே ஒன்பது வாரம் தாண்டிப்போயிருந்தது. ஒன்பது வாரத்தை யாரிடம் போய்க் கேட்பது?

விடுதலையாகும் அன்று டைப்பக்கா விடுப்புப் போட்டுவிட்டுச் சிறை வாசலுக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் காத்திருந்தாள். கிட்டே போகலாமா கூடாதா என்று அவளுக்கே தெரியவில்லை. பதினோரு மணிக்குச் சின்னக் கதவு திறந்தது. சமையலம்மா ஒரு பையோடு வெளியே வந்து, வெயிலுக்குக் கண்ணை இடுக்கி, சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். கூட்டிப்போக யாரும் வரவில்லை. கடையில் உட்கார்ந்திருந்தவளைக் கண்டதும் அவளே சாலையைக் கடந்து வந்தாள்.

"பஸ் எங்க நிக்கும்?"

"அந்த மரத்துக்கிட்ட. வாங்க, நானும் வர்றேன்."

இருவரும் நின்றார்கள். பேருந்து வரக் கால்மணி நேரம் ஆனது. பேருந்து தூரத்தில் தெரிந்ததும் சமையலம்மா சொன்னாள்.

"நீங்க வரலைன்னா நான் இன்னும் உள்ளதான் இருந்திருப்பேன். அது எனக்குத் தெரியும். ஆனா மனசு ஆறலைக்கா. ஆறிடுச்சுன்னு பொய் சொல்ல எனக்கு வரலை."

"சொல்ல வேண்டாம்மா."

"எனக்காக ஜெபம் பண்ணுங்க. என் பொண்ணு என்னைப் பெரியம்மான்னு கூப்பிடும். அதைக் கேட்டுட்டு நான் கத்தாம இருக்கணும். அதுக்கு மட்டும் பண்ணுங்க."

பேருந்து அவளை ஏற்றிக்கொண்டு போனது. டைப்பக்கா அங்கேயே நின்று, அந்த ஒரே விண்ணப்பத்தைச் சொன்ன வார்த்தை மாறாமல் கடவுளிடம் சொன்னாள். அது பலித்ததா என்று தெரிந்துகொள்ள அவளுக்கு வழி இருக்கவில்லை. கடிதம் ஏதும் வரவில்லை.

அதற்கப்புறம் அவள் பதினோரு வருடம் அந்தச் சிறைக்குப் போனாள். பாடகர் குழு ஒரே ஒரு தடவை வந்து நாலு பாட்டுப் பாடிப் படம் எடுத்துக்கொண்டு போனது; வாசலில் பை சோதிக்கிறார்கள் என்று அப்புறம் வரவில்லை. கண்காணிப்பாளர்கள் நாலு பேர் மாறினார்கள். ஒவ்வொருவர் வரும்போதும் பழைய அனுமதி செல்லாது என்றார்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து விண்ணப்பம். ஆண்டுதோறும் சபைக்கு ஊழிய அறிக்கை கொடுக்க வேண்டும். அதில் மனந்திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் இருக்கும். முதல் வருடம் அந்தக் கட்டத்தில் தெரியவில்லை என்று எழுதினாள். இரண்டாம் வருடம், தெரியவில்லை என்பது எண் இல்லை என்று செயலாளர் திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகு ஒரு கோடு போட்டு விட்டுவிடுவாள்.

இதனிடையே தாள் படித்துச் சொன்னதில் இன்னும் இரண்டு பேருக்குத் தேதி தவறாக இருந்தது தெரியவந்தது. ஒன்று திருத்தப்பட்டது. மற்றது அந்தப் பெண் வெளியே போனபிறகும் பரிசீலனையில் இருந்தது. படிக்கச் சொல்லித் தாளைக் கொடுத்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு, தீர்ப்பு சரியாகவே இருந்தது. புரிந்துகொண்டு அழுதார்கள், அவ்வளவுதான். சிலர், "பரவாயில்ல, இப்பவாவது தெரிஞ்சுதே," என்றார்கள்.

கணவன் ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் அவளைச் சிறை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். அவளுக்கு அப்போது முழங்காலில் வலி. வாசலில் புதுக் காவலர் ஒருவர், பட்டியலில் பெயர் இல்லை என்று அரை மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டார். போன வாரம்தானே கொடுத்தேன் என்று அவள் எரிந்து விழுந்தாள். உள்ளே கேட்டு வருகிறேன் என்று அவர் போனார்.

"இன்னுமா உனக்குக் கோபம் போகலை?" என்று கணவன் கேட்டார்.

"எங்க போகும்? கூப்பிட்டவர் வாசல்ல இருக்கிறவங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வெச்சிருக்கலாம்ல?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. காவலர் திரும்பி வந்து, பெயர் வேறொரு பக்கத்தில் இருக்கிறது, போகலாம் என்றார். ஊசிகளை எடுத்து அவர் நீட்டிய தட்டில் போட்டுவிட்டு, கூந்தலைக் கையால் பிடித்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். ஒரு மணி நேரத்தில் அரை மணிதான் மிஞ்சியிருந்தது. கூடத்தில் ஒன்பது பெண்கள் தாளும் கையுமாகக் காத்திருந்தார்கள்.